வழுவும் வழுவமைதியும்: ‘டூம்’ கணினி விளையாட்டின் மூலநிரல் பதிப்புகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘டூம்’ கணினி விளையாட்டின் மூலநிரல் 1997-இல் பொதுவில் வைக்கப்பட்டது. அதன்பின் பலர் அதனைத் திருத்தியும் விரித்தும் மறுபடி தொகுத்தும் தத்தம் வடிவங்களை வெளியிட்டுள்ளனர். இவ்வடிவங்களைத் தொழில்நுட்ப மேம்பாடுகளாக மட்டும் காண்பது வழக்கம். இவை ஒரு மூலபாடத்தின் பதிப்புகள் என்பதும், மூலத்திலுள்ள வழுக்களை அவை எவ்வாறு கையாளுகின்றன என்பதே அவற்றை மதிப்பிடுவதற்கான முதன்மை அளவுகோல் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். பூம், எம்பிஎஃப், பிஆர்பூம் பிளஸ், இசட்டூம், சாக்லேட் டூம் ஆகிய வடிவங்கள் இந்நோக்கில் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மூலநிரல், பதிப்பியல், வழு, வழுவமைதி, தொகுப்பி, டூம், கட்டற்ற மென்பொருள்.

முன்னுரை

கணினி நிரலில் நேரும் பிழையைக் குறிக்கத் தமிழில் ‘வழு’ என்னும் சொல் வழங்குகிறது. இலக்கண மரபில் இச்சொல் தனித்து நிற்பதில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக வைத்து எண்ணுவதே மரபு. உவப்பின் காரணமாகப் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று கூறுவது திணை வழுவாயினும், ஏற்கத்தக்க காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுகிறது. வழுவை நீக்குவதா, அமைத்துக்கொள்வதா என்பதை அவ்வழு வழக்கில் பெற்றுள்ள இடமே முடிவுசெய்கிறது.

மென்பொருள் துறையில் இம்மூன்றாம் நிலைக்குப் பொதுவாக இடமில்லை. வழு கண்டறியப்பட்டால் களையப்படும், அதுவே நடைமுறை. ஆயினும் பழைய கணினி விளையாட்டு ஒன்றின் மூலநிரலைத் திருத்தி மறுபடி தொகுக்க முற்படும்போது இந்நடைமுறை இடறுகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆடப்பட்டுவரும் விளையாட்டில், மூல ஆசிரியர் அறியாது விட்ட வழுக்களைச் சார்ந்து பிறர் படைப்புகள் எழுந்துவிடுகின்றன. வழுவைக் களைந்தால் அப்படைப்புகள் பொருளிழக்கும். களையாது விட்டால் நிரல் இன்றைய கணினியில் இயங்காது போகலாம். இவ்விரண்டுக்கும் இடையில் பதிப்பாளர் எடுக்கும் முடிவுகளை ஆராய்வதற்கு ‘டூம்’ தக்க சான்றாகிறது.

மூலநிரல் வெளிவந்த முறை

டூம் 1993 டிசம்பர் 10 அன்று வெளியானது. நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தில் எழுதப்பட்டு, வாட்காம் சி தொகுப்பியால் டாஸ் கணினிகளுக்காகத் தொகுக்கப்பட்டது. அதன் மூலநிரலை 1997 டிசம்பர் 23 அன்று ஜான் கார்மாக் பொதுவில் வெளியிட்டார். இதனை ஆராய்வோர் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வெளியிடப்பட்டது மக்கள் ஆடிய டாஸ் வடிவத்தின் மூலநிரல் அன்று. லினக்ஸ் இயங்குதளத்திற்கென அமைந்த வடிவத்தின் மூலநிரல். டாஸ் வடிவத்தில் பயன்பட்ட ஒலி நூலகம் வேறொருவரின் காப்புரிமைக்கு உட்பட்டிருந்தமையால் அதனை வெளியிட இயலவில்லை எனக் கார்மாக் உடனிணைத்த குறிப்பில் விளக்கியுள்ளார். பெர்ன்ட் கிரைமையர் நிரலைச் செப்பம் செய்து இயங்கும் நிலைக்குக் கொணர்ந்ததையும், கவனிப்பாரின்றிக் கிடக்கும் மென்பொருள் சில ஆண்டுகளிலேயே நலிந்துவிடுவதையும் அதே குறிப்பு சுட்டுகிறது.

எனவே ஆய்வாளர் கையிலிருப்பது மூல ஓலை அன்று. வேறொரு கிளையில் வந்த, இடையில் ஒருவரால் செப்பம் செய்யப்பட்ட படி. டாஸ் வடிவத்தில் அசெம்பிளி மொழியில் இருந்த வரைகலைப் பகுதிகள் இப்படியில் சி மொழியில் உள்ளன. நிலைப்புள்ளி எண்களின் வகுத்தல், மிதவைப்புள்ளிக் கணக்கீட்டின் வழியாகச் செய்யப்படுகிறது. ஒலிப் பகுதி வேறாக எழுதப்பட்டுள்ளது. டாஸ் வடிவத்தின் இறுதிப் பதிப்பெண் 1.9 ஆக இருக்க, இப்படி 1.10 என்னும் எண்ணைத் தாங்குகிறது.

உரிம நிலையும் இரு கட்டங்களாக அமைந்தது. முதலில் வழங்கப்பட்ட உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுத்தது. திருத்தியவர் தம் திருத்தங்களை வெளியிட வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. 1999 அக்டோபரில் இதே நிரல் குனூ பொது உரிமத்தின் கீழ் மறுபடி வழங்கப்பட்டது. அதன்பின், திருத்திய வடிவத்தைப் பரப்புவோர் அதன் மூலநிரலையும் தரவேண்டியதாயிற்று. பதிப்பு ஒவ்வொன்றும் தன் பாடத்தைப் பிறர் சோதிக்கத் திறந்து வைக்கும் நிலை இதனால் உருவாயிற்று. விளையாட்டின் படங்கள், ஒலிகள், ஆட்டக்களங்கள் ஆகியன அடங்கிய வாட் கோப்புகள் மட்டும் இன்றும் வணிக உரிமத்திற்கு உட்பட்டவையே. அவற்றுக்கு மாற்றாகக் கட்டற்ற உள்ளடக்கத்தை உருவாக்கும் ஃப்ரீடூம் திட்டம் தனியே இயங்கிவருகிறது.

தொகுத்தலில் எதிர்ப்படும் இடர்கள்

1997-இல் வெளியான இந்நிரலை இன்றைய 64-பிட் லினக்ஸ் கணினியில் அப்படியே தொகுக்க முயன்றால் அது தொகுபடாது. இடர்கள் நான்கு வகையின. முதலாவது, எழுத்துப்பிழையை ஒத்தது. திரைக்குரிய கோப்பு, ‘எர்னோ’ என்னும் வழக்கமான தலைப்புக் கோப்பை ஓரெழுத்து மிகுந்த வேறொரு பெயரால் அழைக்கிறது. அப்பெயரில் கோப்பு இல்லாமையால் தொகுப்பி நின்றுவிடுகிறது. ஓரெழுத்தை நீக்கினால் இவ்விடர் தீரும்.

இரண்டாவது, காலத்தின் எடுகோளால் நேர்வது. நினைவக முகவரியைத் தாங்கும் சுட்டி நான்கு பைட் அளவினது என்று நிரல் பல இடங்களில் கொள்கிறது. சுவர்ப்பரப்புப் படங்களின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி அவற்றின் சுட்டிகளுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. 64-பிட் கணினியில் சுட்டிக்கு எட்டு பைட் தேவைப்படுவதால் ஒதுக்கிய இடம் பாதியளவே போதுகிறது. அமைவுகளைச் சேமிக்கும் பகுதியில் சொற்றொடரின் முகவரி முழுஎண்ணாக மாற்றி வைக்கப்படுகிறது. இம்மாற்றத்தை இன்றைய தொகுப்பி ஏற்பதில்லை. எழுதப்பட்ட காலத்தில் இவை வழுக்கள் அல்ல. கணினி மாறியபின் வழுக்களாயின.

மூன்றாவது, சூழலால் நேர்வது. 256 நிறங்கள் மட்டுமே கொண்ட திரையை நிரல் எதிர்பார்க்கிறது. இன்றைய திரைகள் அவ்வகையின அல்ல. நான்காவது, பதிப்பெண்ணால் நேர்வது. தடைகள் அனைத்தையும் கடந்து நிரலை இயக்கினாலும், 1.9 பதிப்பில் பதிவான ஆட்டங்களை அது ஏற்க மறுக்கிறது; அவை வேறு பதிப்பைச் சேர்ந்தவை என்று அறிவித்து நிற்கிறது. நிரலில் 110 என்றுள்ள மாறிலியை 109 என மாற்றினாலன்றிப் பழைய பதிவுகளைத் திறக்க இயலாது.

இவ்விடர்களைக் கடக்க இருவழிகள் உள்ளன. 32-பிட் நிரலாகத் தொகுக்கும்படி தொகுப்பிக்குக் கட்டளையிட்டு, 256 நிறத் திரையைப் போலியாக உருவாக்கிக் காட்டுவது ஒன்று. சுட்டிகளின் அளவையும் திரையில் வரையும் பகுதியையும் நிரலிலேயே திருத்துவது மற்றொன்று. முன்னது நூலுக்கேற்பச் சூழலை மாற்றுவது. பின்னது சூழலுக்கேற்ப நூலை மாற்றுவது. நிரலைத் தொட்ட முதல் நாளிலேயே பதிப்பாளர் ஒரு நெறியைத் தேர்ந்தாக வேண்டியிருப்பதை இது காட்டுகிறது.

தொகுப்பியின் வாசிப்பு

மேற்கண்ட இடர்களில் தொகுப்பி தன் மறுப்பை வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. மறுப்பு எதுவும் கூறாமல் பொருளை மாற்றிவிடும் இடங்களே ஆய்வுக்குரியவை. இதனை விளங்கிக்கொள்ள டூமின் ஆட்டப்பதிவு முறையை அறிவது இன்றியமையாதது.

டெமோ எனப்படும் ஆட்டப்பதிவில் காட்சிகள் சேமிக்கப்படுவதில்லை. விளையாட்டு நொடிக்கு 35 கணங்களாக இயங்குகிறது. கணந்தோறும் ஆடுபவர் முன்பின் நகர்ந்தது, பக்கவாட்டில் நகர்ந்தது, திரும்பியது, அழுத்திய பொத்தான் ஆகிய நான்கும் நான்கு பைட்களில் பதிவாகின்றன. ஒருவர் ஒரு நிமிடம் ஆடிய ஆட்டம் ஏறத்தாழ 8,400 பைட்களில் அடங்கிவிடுகிறது. பதிவை மறுபடி காட்டும்போது நிரல் அக்கட்டளைகளைக் கொண்டு ஆட்டத்தை முதலிலிருந்து நிகழ்த்துகிறது. தற்செயல் எண்களும் உண்மையில் தற்செயலானவை அல்ல. 256 எண்கள் கொண்ட நிலையான அட்டவணையிலிருந்து அவை வரிசையாக எடுக்கப்படுகின்றன. ஆகவே கட்டளைகள் ஒன்றாக இருந்தால் ஆட்டமும் ஒன்றாகவே இருக்கும். இந்நுட்பத்தை நம்பி, விரைந்து ஆடி முடித்த ஆட்டங்களின் பெருந்தொகுதிகள் 1990-கள் தொட்டுச் சேர்ந்துள்ளன.

இனி, துப்பாக்கிக் குண்டு எத்திசையில் விலகும் என்பதைக் கணக்கிடும் தொடரைக் காணலாம். அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, அதிலிருந்து அடுத்து எடுக்கும் எண்ணைக் கழிக்குமாறு அத்தொடர் அமைந்துள்ளது. எடுத்துக்காட்டாக, அடுத்தடுத்துக் கிடைக்கும் எண்கள் 200, 50 எனக் கொள்ளலாம். இடப்புறம் உள்ளதை முதலில் மதிப்பிட்டால் விடை 150. வலப்புறம் உள்ளதை முதலில் மதிப்பிட்டால் விடை எதிர்ம 150. எதனை முதலில் மதிப்பிட வேண்டும் என்பதைச் சி மொழியின் விதிகள் வரையறுக்கவில்லை. தொகுப்பியின் விருப்பத்திற்கு விடுகின்றன. இதனால் ஒரே மூலநிரல் ஒரு தொகுப்பியில் குண்டை ஒரு பக்கமும் மற்றொன்றில் எதிர்ப்பக்கமும் விலக்குகிறது. குண்டு தப்பிய பகைவன் உயிருடன் நின்று ஆடுபவரைத் தாக்குகிறான். அதன்பின் பதிவிலுள்ள கட்டளைகள் நிகழும் ஆட்டத்தோடு பொருந்துவதில்லை. ஆடுபவர் உருவம் சுவரில் மோதியபடி வெறுமனே நடந்துகொண்டிருக்கும்.

புள்ளியிடாமலும் எகர ஏகார வேறுபாடு காட்டாமலும் எழுதப்பட்ட ஓலையில் சொல்லைத் தீர்மானிப்பவர் படிப்பவரே. தொகுப்பியும் இங்கு அத்தகைய படிப்பாளராகவே நிற்கிறது. மூலநிரலில் எழுதப்பட்டிராத, வாட்காம் தொகுப்பியின் பழக்கமாக மட்டும் இருந்த ஒரு வரிசைமுறை, டூமின் பாடத்தில் ஒரு பகுதியாகிவிட்டது. மூலநிரலை ஓரெழுத்தும் மாற்றாமல் பேணுவதே மூலத்தைப் பேணுவதாகும் என்னும் எளிய கருத்து இதனால் தகர்கிறது. மூலம் மாறாதிருக்க வேண்டுமெனில் மூலநிரலை மாற்றியாக வேண்டும். பூம் வழிவந்த நிரல்களிலும் சாக்லேட் டூமிலும் இத்தொடர்கள் மதிப்பிடும் வரிசையைத் தெளிவாகக் கூறும் வகையில் மாற்றி எழுதப்பட்டிருப்பது இதற்குச் சான்று.

வழுவைச் சார்ந்த படைப்புகள்

டூமின் நிரலில் நிலையான வரம்புகள் பல உள்ளன. ஒரே காட்சியில் வரையத்தக்க தரை, கூரைப் பரப்புத் துண்டுகள் 128 மட்டுமே. ஆட்டக்களத்தை அமைப்பவர் திறந்தவெளிகளையும் உயர வேறுபாடுகளையும் மிகுத்தால் இவ்வெண் கடக்கப்பட்டு விளையாட்டு நின்றுவிடும். சேமிக்கத்தக்க ஆட்டநிலையின் அளவும் வரம்புக்குட்பட்டது. பெரிய களத்தில் சேமிக்க முயன்றால் விளையாட்டு முறிந்துபோகும்.

மூல நிறுவனத்தைப் பொறுத்தவரை இவை 1993-இன் கணினித் திறனுக்கு ஏற்ற ஏற்பாடுகள். பின்வந்த களம் அமைப்போருக்கோ இவை யாப்பாயின. மூல வடிவத்திலேயே ஆடத்தக்க களம், வரம்பு நீக்கிய வடிவத்தில் மட்டும் ஆடத்தக்க களம் என்னும் பாகுபாடு அவர்களிடையே நிலைபெற்றுள்ளது. முதல்வகைக் களத்தை அமைப்பவர் 128 என்னும் எண்ணுக்குள் அடங்குமாறு சுவர்களை நிறுத்துகிறார், சாளரங்களைக் குறைக்கிறார். வரம்பை நீக்கிய வடிவத்தில் அக்களம் தடையின்றி ஓடும். ஆனால் அதன் வடிவம் ஏன் அப்படி அமைந்தது என்பது ஆடுபவருக்குப் புலப்படாது.

நிரலின் நேரடி வழுக்களுக்கும் இதே நிலை உண்டு. இறங்கும் கூரையால் நசுக்கப்பட்ட பகைவனின் உடலை ஆர்ச்-வைல் என்னும் பாத்திரம் உயிர்ப்பித்தால், அப்பகைவன் பருமனற்றவனாக எழுந்து சுவர்களை ஊடுருவிச் செல்கிறான். உயிர்ப்பிக்கும்போது உடலின் அளவை உரியவாறு மீட்காமையால் நேர்ந்த வழு இது. களம் அமைப்போர் சிலர் இப்பேய்களை வேண்டுமென்றே உருவாக்கித் தம் களங்களில் நடமாட விட்டனர். இவ்வழுவைக் களையும் பதிப்பில் அக்களங்களின் பேய்கள் மறைந்துவிடும். பெயின் எலிமென்டல் என்னும் பாத்திரம், களத்தில் பறக்கும் மண்டையோடுகள் இருபதைக் கடந்தபின் புதியன உமிழ்வதில்லை. இவ்வரம்பை நீக்கினால் பழைய களத்தின் கடுமை அதன் ஆசிரியர் கருதாத அளவுக்கு உயர்ந்துவிடும். வழு, வழுவமைதியாக மாறும் இடங்கள் இவை.

மூன்று பதிப்பு நெறிகள்

வெளிவந்துள்ள வடிவங்களை வழுவைக் கையாளும் முறைநோக்கி மூன்று நெறிகளாகப் பகுக்கலாம். முதலாவது, திருத்தும் நெறி. 1998-இல் டீம்டிஎன்டி குழுவினர் உருவாக்கிய பூம் இதன் தொடக்கம். வரம்புகளை நீக்கியும் வழுக்களைக் களைந்தும் களம் அமைப்போருக்குப் புதிய வசதிகளைச் சேர்த்தும் அது அமைந்தது. அதன் வழியில் லீ கில்லோ உருவாக்கிய எம்பிஎஃப் வடிவம், களைந்த வழுக்களைத் தனித்தனியே பெயரிட்டு, ஒவ்வொன்றையும் வேண்டியபோது மீட்டுக்கொள்ளும் தெரிவுகளாக வைத்தது. பேய்களை வேண்டுவோர் அவ்வொரு வழுவை மட்டும் மீட்டுக்கொள்ளலாம். பிஆர்பூம் பிளஸ் இதனை மேலும் ஒழுங்குபடுத்தியது. அதில் இணக்கநிலை 2 எனத் தேர்ந்தால் டூம் 1.9-இன் நடத்தையும், 9 எனில் பூமின் நடத்தையும், 11 எனில் எம்பிஎஃப்பின் நடத்தையும் கிடைக்கும். நல்ல பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தோடு தள்ளிய பாடத்தையும் அடிக்குறிப்பில் தருவதற்கு இது நிகரானது. திருத்தும் நெறியின் தலைசிறந்த பேறு இதுவே எனலாம்.

இரண்டாவது, விரிக்கும் நெறி. ராண்டி ஹைட் 1998-இல் தொடங்கிய இசட்டூம் இதற்கு எடுத்துக்காட்டு. களம் அமைப்போர் தாமே நிகழ்வுகளை எழுதும் நிரல்மொழி, புதிய பாத்திரங்களை வரையறுக்கும் முறை எனப் பலவற்றை அது சேர்த்தது. மூல விளையாட்டின் ஆட்டப்பதிவுகளை இயக்கும் பொறுப்பை அது ஏற்கவில்லை. இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். அக்கூற்று பொருந்தாது. முதல்நூலை ஒட்டி வேண்டிய விகற்பங்களோடு எழும் நூலை வழிநூல் என மரபு வகுத்துள்ளது. வழிநூலை முதல்நூலின் பதிப்பாகக் கொண்டு குறைகூறுவது வகைமைப் பிழையாகும். இசட்டூமில் மட்டும் பழைய களத்தை ஆடிவிட்டு அக்களத்தைப் பற்றி முடிவுரைக்கும் ஆய்வு குறையுடையது. அக்குறை ஆய்வாளரைச் சாரும்.

மூன்றாவது, பேணும் நெறி. சைமன் ஹோவர்ட் 2005-இல் தொடங்கிய சாக்லேட் டூம், டாஸ் வடிவத்தின் நடத்தையை வழுக்களோடு அப்படியே தருவதைக் குறிக்கோளாக அறிவித்துள்ளது. 128 என்னும் வரம்பு அதில் அப்படியே உள்ளது. சேமிப்பின் அளவு வரம்பும் இயல்பாக நடைமுறையில் இருக்கும். வேண்டாதவர் அமைவுக் கோப்பில் அதனை நீக்கிக்கொள்ளலாம். டாஸ் வடிவத்தின் அமைவுக் கோப்புகளையும் சேமித்த ஆட்டங்களையும் ஆட்டப்பதிவுகளையும் அது ஏற்கிறது.

வழுவைப் போலச்செய்தல்

பேணும் நெறியின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் இடம் ஒன்றுண்டு. கதவு, மின்தூக்கி போன்றவற்றை இயக்கும் சிறப்புக் கோடுகளை ஆடுபவர் தொடும்போது அவற்றை நிரல் எட்டு இடங்கள் கொண்ட அணி ஒன்றில் குறித்துக்கொள்கிறது. எட்டைக் கடந்தால் தடுக்கும் சோதனை எதுவும் இல்லை. ஒன்பதாவது கோடு, நினைவகத்தில் அணிக்கு அடுத்திருக்கும் வேறு மாறிகளின் மேல் எழுதப்படுகிறது. 9 முதல் 12 வரையுள்ளவை மோதலைக் கணக்கிடும் எல்லைப் பெட்டியையும், 13, 14 ஆகியவை நசுக்குதலுக்குரிய இரு மாறிகளையும் சிதைக்கின்றன. அணிக்கு அடுத்து எந்த மாறி நிற்கும் என்பது வாட்காம் தொகுப்பியின் அடுக்குமுறையால் அமைந்தது. இன்றைய தொகுப்பியின் அடுக்குமுறை வேறு. எனவே அதே மூலநிரலை இன்று தொகுத்தால் அதே வழு நேராது. வேறொரு வழு நேரும்.

சாக்லேட் டூம் இங்கு ஒரு புதுவழியைக் கையாள்கிறது. அணியை இருபது இடங்களாகப் பெருக்கி உண்மையான சிதைவைத் தடுத்துவிட்டு, டாஸ் வடிவத்தில் எந்த மாறி எவ்வாறு சிதைந்திருக்குமோ அம்மாறியைத் தானே எழுதி மாற்றுகிறது. மூலத்தில் யாரும் எழுதாத வழு, இப்பதிப்பில் திருத்தமாக எழுதப்பட்ட செயற்கூறாக இடம்பெறுகிறது. வழுவமைதிக்கு விதி செய்த நிலை இது.

ஆயினும் முழுமையான மீட்பு இங்கு இயலவில்லை. சிதைந்த மாறியில் எழுதப்படும் மதிப்பு, களத்தின் கோடுகள் நினைவகத்தில் எங்கு வைக்கப்பட்டன என்னும் முகவரியாகும். அது மூல விளையாட்டு இயங்கிய கணினியின் நிலைக்கேற்ப மாறத்தக்கது. ஆகவே அப்பதிப்பு ஒரு மதிப்பை இயல்பாகக் கொண்டு, வேறு மதிப்பைக் கட்டளையின் வழி தர இடமளிக்கிறது. பதினான்கைக் கடந்த சிதைவைப் போலச்செய்ய இயலவில்லை என்று அறிவிக்கவும் செய்கிறது. மூலம் ஒன்றே என்னும் எடுகோளோடு தொடங்கிய பேணும் நெறி, மூலத்திலேயே பாடவேறுபாடு இருந்தது என்னும் முடிவுக்கு இங்கு வந்து சேர்கிறது. இயலாமையை மறைக்காமல் அறிவிப்பது இப்பதிப்பின் சிறப்பு. அதேவேளை, ‘மூலத்தை அப்படியே தரும் வடிவம்’ என்று அதனைப் பிறர் புகழும்போது இவ்வுண்மை மறைக்கப்பட்டுவிடுகிறது. மூலத்தை மீட்டுருவாக்கும் வடிவம் என்பதே பொருத்தமான கூற்று.

டாஸ் வடிவத்தின் இயங்குகோப்பு இன்றும் கிடைக்கிறது. டாஸ்பாக்ஸ் போன்ற போலிச்சூழலில் அதனை இயக்கலாம். ஆதலின் இம்மீட்டுருவாக்கம் எதற்கு என்னும் வினா எழலாம். இயங்குகோப்பு நிகழ்வதைக் காட்டும். ஏன் நிகழ்கிறது என்பதைக் கூறாது. மீட்டுருவாக்கிய நிரலோ ஒவ்வொரு வழுவையும் அதன் காரணத்தோடு படிக்கத்தக்க வடிவில் எழுதிவைக்கிறது. இயங்குகோப்பு சான்று, மீட்டுருவாக்கிய நிரல் அச்சான்றின் உரை. இரண்டையும் ஒப்பிட்டே முடிவுக்கு வருதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட மதிப்பீட்டால் பெறப்படுவன வருமாறு. மூலநிரலும் மூலபாடமும் ஒன்றல்ல. தொகுப்பியின் வரிசைமுறையும் நினைவக அடுக்குமுறையும் சேர்ந்தே ஆடப்பட்ட டூமை உருவாக்கின. எனவே நிரலை மாற்றாது வைத்தல் பாடத்தைப் பேணுதல் ஆகாது. வழு ஒன்றைக் களைவதற்கு முன் அதனைச் சார்ந்து எழுந்த களங்களும் ஆட்டப்பதிவுகளும் உளவா என்று நோக்குதல் பதிப்பாளரின் கடமையாகும்.

திருத்தும் நெறியில் எம்பிஎஃப்பும் பிஆர்பூம் பிளஸும், தள்ளிய பாடத்தை மீட்கும் வழியோடு தந்தமையால் சிறக்கின்றன. பேணும் நெறியில் சாக்லேட் டூம், தன் இயலாமையையும் நிரலுக்குள்ளேயே பதிவுசெய்தமையால் நம்பத்தக்கதாகிறது. இசட்டூம் வழிநூலாக மதிப்பிடப்பட வேண்டியது. பழைய கணினி விளையாட்டை ஆய்வுப்பொருளாகக் கொள்வோர், எந்நூலையும் எப்பதிப்பின்வழிக் கற்றனர் என்று குறிப்பதைப் போல, எவ்வடிவத்தில், எந்த இணக்கநிலையில் ஆடி முடிவுக்கு வந்தனர் என்பதைக் குறிப்பிடுதல் வேண்டும். அக்குறிப்பு இல்லாதவிடத்து, ஆய்வாளர் விவரிக்கும் நிகழ்வு 1993-இன் விளையாட்டுக்கு உரியதா, பின்வந்த பதிப்பாளரின் திருத்தத்திற்கு உரியதா என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லை.